தினமும் இரவில் தானாக உருவாகும் கான்டெக்ஸ்ட் ஃபைல்: உதவியாளர் ஏன் இன்னும் தடுமாறுகிறது?

கேள்வி

எட்டுப் பேர் சேர்ந்து பராமரிக்கும் ரெப்போ (கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் இடம்) எங்களுடையது. பின்பக்கம் ஜாங்கோ, முன்பக்கம் ரியாக்ட், சுமார் இரண்டு லட்சம் வரி. ஏஐ கோடிங் உதவியாளரைத் திறக்கும்போதெல்லாம் அதே விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய், ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். இரவு 2 மணிக்கு ஓடும். ஒவ்வொரு ஃபோல்டரையும் ஒரு மொழி மாதிரிக்கு (லாங்குவேஜ் மாடல்) அனுப்பி, அது என்ன செய்கிறது என்று சுருக்கம் வாங்கி, எல்லாவற்றையும் கோத்து ஏஜென்ட்ஸ்.எம்டி-யில் (உதவியாளர் வேலை தொடங்கும்போது படிக்கும் குறிப்பு ஃபைல்) போட்டுவிடும். இப்போது அந்த ஃபைல் 1,400 வரி.

எங்களிடம் பில்லிங், இன்வாய்ஸ் என்று இரண்டு ஃபோல்டர் உண்டு. பில்லிங் பழையது. ஒரே ஒரு பழைய வாடிக்கையாளருக்காக அதை விட்டுவைத்திருக்கிறோம், புதிதாக எதையும் அதில் சேர்ப்பதில்லை. டீமில் எல்லோருக்கும் இது தெரியும் என்பதால் யாரும் எழுதி வைக்கவில்லை. பழையதுதான் பெரியது, அதனால் சுருக்கத்தில் பில்லிங்குக்கு இரண்டு பெரிய பத்தி, இன்வாய்ஸுக்கு நான்கு வரி. போன வாரம் வரிக் (டாக்ஸ்) கணக்கில் ஒரு மாற்றம் கேட்டேன். உதவியாளர் அதைப் பில்லிங்கில் எழுதி, டெஸ்டும் சேர்த்தது. எல்லாம் பச்சை. ஸ்டேஜிங்கில் (வெளியிடும் முன் ஓட்டிப் பார்க்கும் சூழல்) தொகை மாறாமல் அப்படியே நின்றபோதுதான் விஷயம் புரிந்தது.

சுருக்கத்தின் தரத்தை எப்படிக் கூட்டுவது? பெரிய மாதிரிக்கு மாறலாமா? ஃபோல்டருக்கு ஒரு ஃபைல் என்று பிரித்தால் சரியாகுமா?

பதில் 1

மாதிரியை மாற்றினாலும் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். பில்லிங்கைத் தொடக் கூடாது என்ற செய்தி உங்கள் கோடில் எங்குமே இல்லை. எங்கும் எழுதப்படாததை எவ்வளவு பெரிய மாதிரியாலும் சுருக்கித் தர முடியாது.

நானும் இதே வழியில் போனவன்தான். கோ மொழியில் சில சர்வீஸ்கள், தானாக உருவான ஃபைல் 1,100 வரி. ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து சோதித்தேன். ஏற்கெனவே செய்து முடித்த ஐந்து வேலைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் முந்தைய கமிட்டுக்கு (வரலாற்றில் சேமித்த ஒரு மாற்றம்) போய், அதே வேலையை உதவியாளரிடம் கொடுத்தேன். ஒரு முறை முழு ஃபைலுடன், பிறகு ஒவ்வொரு பகுதியாக நீக்கிவிட்டு. ஃபோல்டர் விவரணை முழுவதையும் நீக்கியபோது எந்த வேலையும் கெடவில்லை. தேவையானதை அது தானே தேடிப் படித்துக்கொள்கிறது. ஆனால் "உருவாக்கப்பட்ட ஃபைல்களைக் கையால் திருத்தாதே, புரோட்டோவை மாற்றிவிட்டு மேக் ஜென் ஓட்டு" (புரோட்டோ என்பது அந்த ஃபைல்களை உருவாக்கும் மூல வரையறை, மேக் ஜென் அதற்கான கட்டளை) என்ற ஒற்றை வரியை எடுத்ததும் ஐந்தில் இரண்டு வேலை உடைந்தது. இன்று அந்த ஃபைல் 70 வரி.

நீளத்துக்கும் ஒரு விலை உண்டு. இந்த ஃபைல் ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் முழுதாக உள்ளே போகிறது. நீண்ட உள்ளீட்டின் நடுவில் இருக்கும் தகவலை மொழி மாதிரிகள் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்று 2023-இல் ஓர் ஆய்வு காட்டியது. இன்றைய மாதிரிகள் மேம்பட்டிருக்கின்றன என்றாலும், 1,400 வரிக்கு நடுவே கிடக்கும் எச்சரிக்கைக்கு 70 வரியில் இருக்கும் எச்சரிக்கையின் பலம் வராது.

தானியங்கியை விட்டுவிடச் சொல்லவில்லை. கோடுக்குப் பதில் வரலாற்றின் மேல் அதை ஓட்டிப் பாருங்கள். கடந்த ஓராண்டில் பில்லிங்குக்கு எத்தனை கமிட், இன்வாய்ஸுக்கு எத்தனை என்று கிட் லாக்கில் (மாற்ற வரலாற்றுப் பட்டியல்) எண்ணினாலே எது உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துவிடும். எந்தெந்த ஃபைல்கள் எப்போதும் சேர்ந்தே மாறுகின்றன என்பதையும் அங்கேயே எடுக்கலாம். எங்களிடம் புரோட்டோ மாறிய பெரும்பாலான கமிட்களில் வேறொரு சர்வீஸின் மாக் டேட்டாவும் (சோதனைக்கான போலித் தரவு) மாறியிருந்தது. அந்த இரண்டையும் இணைக்கும் ஒரு இம்போர்ட்கூட கோடில் கிடையாது. எனக்கே அன்றுதான் தெரிந்தது! ஒரு விஷயம்: கோடின் இடைவெளி, வரியமைப்பைத் திருத்தும் ஃபார்மேட்டர் ஓட்டிய கமிட்கள் கணக்கையே குழப்பிவிடும். நான் 20 ஃபைலுக்கு மேல் தொட்ட கமிட்களைத் தள்ளிவிடுகிறேன்.

அப்புறம் ரிவ்யூ கருத்துகள். ஒரே விஷயத்தை வெவ்வேறு புல் ரிக்வெஸ்ட்களில் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைகள்) மூன்று முறை சொல்லியிருந்தால் அது எழுதப்படாத விதி. அந்தக் கருத்துகளைத் திரட்டி வகைப்படுத்த மொழி மாதிரி மிக நன்றாக உதவுகிறது. ஆனால் ஸ்கிரிப்ட் பரிந்துரை மட்டும்தான் தரும். ஃபைலில் சேர்ப்பது நான்.

பதில் 2

மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். கோடின் வரைபடமும் பயன்படும், அதைச் சேமித்து வைப்பதுதான் தொல்லை. எய்டர் என்ற கோடிங் உதவியாளர் இதை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். ட்ரீ-சிட்டர் என்ற, கோடைப் பகுத்துப் படிக்கும் கருவி கொண்டு கிளாஸ், ஃபங்ஷன் தலைவரிகளை எடுக்கிறது. எந்த ஃபைல் எதைச் சார்ந்திருக்கிறது என்று ஒரு வலைப்பின்னல் போட்டு, முக்கியமானவற்றைத் தரவரிசைப்படுத்தி, டோக்கன் (மாதிரி படிக்கும் சொல் துண்டு) வரம்புக்குள் அடங்குவதை மட்டும் தருகிறது. இயல்பான வரம்பு சுமார் 1,000 டோக்கன்தான். இருக்கும் கோடிலிருந்து அன்றன்றைக்குப் பிறப்பதால் அது பழசாவதில்லை. உங்கள் சுருக்கமோ இரவு 2 மணிக்குப் பிறகு வரும் முதல் மெர்ஜிலேயே பழசாகிவிடும்.

ஃபோல்டர் வாரியாகப் பிரிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிரிக்கலாம். ஏஜென்ட்ஸ்.எம்டி மரபில், திருத்தப்படும் ஃபைலுக்கு மிக அருகில் இருப்பதுதான் முதன்மை பெறும். பில்லிங் ஃபோல்டருக்குள்ளேயே மூன்று வரியில் ஒரு ஃபைல் வையுங்கள். டீமில் யாராவது க்ளாட் கோட் என்ற உதவியாளரை வைத்திருந்தால், அது படிக்கும் க்ளாட்.எம்டி-யிலிருந்து அதை இம்போர்ட் செய்துகொள்ளலாம், இரண்டு பிரதி வேண்டாம்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இரவு ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டேன். கமிட் எண்ணிக்கை எடுத்தேன்: ஓராண்டில் பில்லிங்குக்கு 4, இன்வாய்ஸுக்கு 212. இவ்வளவு வெளிப்படையாக இருந்ததை நான் பார்க்கவே இல்லை. ரிவ்யூ கருத்துகளைத் திரட்டியதில் அடிக்கடி வந்தது, "பணத்துக்கு ஃப்ளோட் வேண்டாம், டெசிமல் பயன்படுத்து" என்பது (ஃப்ளோட் தசம எண்களைத் தோராயமாகவே வைக்கும்). ஏழு முறை, அதில் ஐந்து நான் எழுதியவை. ஃபைல் இப்போது 58 வரி. அதே வரிக் கணக்கு மாற்றத்தைப் பழைய கமிட்டிலிருந்து மறுபடி கொடுத்துப் பார்த்தேன், நேராக இன்வாய்ஸுக்குப் போனது.

ஒரு சந்தேகம் பாக்கி. 58 வரியும் நாளை பழசாகுமே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 1

பாதியை இயந்திரத்திடம் விடலாம். ஃபைலில் குறிப்பிட்ட ஒவ்வொரு பாதையும் ரெப்போவில் இருக்கிறதா, ஒவ்வொரு கட்டளையும் ஓடுகிறதா என்று சிஐ-யில் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடும் சோதனை) பாருங்கள். இல்லையென்றால் பில்ட் உடையட்டும். எங்களிடம் 40 வரி ஸ்கிரிப்ட்தான், இதுவரை மூன்று முறை பிடித்திருக்கிறது. மூன்றுமே யாரோ ஃபோல்டர் பெயரை மாற்றியதால் வந்தவை.

விதிகளுக்கு அது போதாது. உதவியாளரை ஒரே விஷயத்துக்காக இரண்டாவது முறை திருத்த வேண்டி வந்தால், அந்தத் திருத்தத்தை அங்கேயே ஃபைலில் எழுதிவிடுவேன். பில்லிங்கை என்றைக்கு அழிக்கிறீர்களோ, அந்த புல் ரிக்வெஸ்டிலேயே அதைப் பற்றிய வரிகளும் போகவேண்டும்.

பதில் 3

தாமதமாகப் பார்க்கிறேன். ஸ்கிரிப்ட் எழுதியதை நேராக மெயின் பிரான்ச்சில் சேர்க்கும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். இந்த ஃபைலை உதவியாளர் கட்டளையாகவே எடுத்துக்கொள்கிறது. வெளியார் அனுப்பும் புல் ரிக்வெஸ்டில் இருக்கும் ஒரு கமென்ட் வரியோ ரிவ்யூ கருத்தோ சுருக்கத்தின் வழியாக உள்ளே நுழைந்தால், அதையும் கட்டளையாகப் படித்துவிடும். ரிவ்யூ கருத்துகளைத் திரட்டும்போது டீம் ஆட்கள் எழுதியதை மட்டும் எடுங்கள். கோட்ஓனர்ஸ் பட்டியலில் (எந்த ஃபைலுக்கு யார் பொறுப்பு என்பது) ஏஜென்ட்ஸ்.எம்டி-யைச் சேர்த்து, மெயினுக்கு அவர்களின் ஒப்புதல் கட்டாயம் என்றும் அமைத்துவிட்டால், ஒருவர் பார்க்காமல் அது மாறாது.