சென்னைப் படப் புத்தகங்கள் எங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்துமா?

கொக்குவில் அம்மா:
யாழ்ப்பாணத்தில் என் நான்கு வயது மகளுக்குச் சென்னையில் அச்சான 3 படப் புத்தகங்கள் வாங்கினேன். படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் பாட்டி வேர்க்கடலை வறுக்கும் பக்கத்தில், "பாட்டி என்றால் யார் அம்மா?" என்று கேட்டாள். அவளுக்கு அம்மம்மாவைத் தெரியும், கச்சானைத் தெரியும். அடுத்த புத்தகத்தில் தர்ப்பூசணியும் நாற்காலியும். வத்தகப்பழம், கதிரை என்று நான் பக்கத்துக்குப் பக்கம் மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. தமிழ்ப் புத்தகத்தைத் தமிழுக்கு மொழிபெயர்ப்பதா? பக்கத்துக்கு ஒரே ஒரு வரி; விலையோ ஆயிரம் ரூபாய்க்கு மேல்.

பழைய வாத்தியார்:
தங்கச்சி, வரி குறைவாக இருப்பது குறையே இல்லை. ஒரு புத்தகத்தில் "தம்பி தூங்கிவிட்டான்" என்று வரி சொல்கிறது. படத்தில் அவன் கட்டிலுக்கு அடியில் பூனையோடு விழித்திருக்கிறான். எழுத்தறியாத பிள்ளை அதை அப்பாவுக்கு முன்பே கண்டுபிடிக்கிறது. அந்த வாசிப்பைப் பாடப்புத்தகம் தராது. சொற்களைப் பற்றியும் கவலை வேண்டாம். ஒரு பொருளுக்கு இரண்டு சொல் தெரிந்தால் பிள்ளைக்கு இலாபம்தான்.

கொக்குவில் அம்மா:
வரி விடயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், ஐயா. சொல் விடயத்தில் முடியாது. சென்ற கிழமை மகள் தன் அம்மம்மாவைத் திருத்தினாள்: "கச்சான் பிழை, வேர்க்கடலைதான் சரி, புத்தகத்தில் இருக்கிறது." அச்சில் இருப்பதே சரி என்று பிள்ளை நம்புகிறது. அம்மம்மாவின் முகம் வாடியதை நான் பார்த்தேன். இதில் எங்கே இலாபம்?

வடலி:
அக்கா, இந்தியப் பதிப்பகமான பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதைத் தளத்தைப் பாருங்கள். 2015 முதல் இயங்குகிறது. தமிழ்க் கதைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமம் என்பதால், எழுதியவர் வரைந்தவர் பெயர்களைக் குறிப்பிட்டு, வேர்க்கடலையைக் கச்சானாக மாற்றி நாமே அச்சிடலாம்.

கிடுகுவேலி:
சொல்லை மாற்றலாம், படத்தை என்ன செய்வது? பனைகள் அடர்ந்த பனங்கூடல், தென்னோலை பின்னிய கிடுகு வேலி, யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் கூட்டமாய் நிற்கும் நாரைகள்: இவற்றை எங்கள் பிள்ளை எந்தப் பக்கத்தில் பார்க்கும்? எங்கள் நவாலியூர் சோமசுந்தரப் புலவர், ஆடி மாத முதல் நாளைப் பற்றிப் பாடிய ஆடிப்பிறப்புப் பாட்டை எடுத்துப் பாருங்கள். பயறு வறுப்பது, மாவைக் கிள்ளித் தட்டுவது, பனங்கட்டி போட்டுக் கூழைத் துழாவுவது என்று அடிக்கு அடி காட்சி நகர்கிறது. ஓவியருக்காகவே எழுதியது போல இருக்கிறது. இரவல் படங்களோடு நாம் ஏன் நிறைவடைய வேண்டும்?

பழைய வாத்தியார்:
ஆசை எனக்கும் இருக்கிறது. ஆனால் நிற அச்சுக்குத் தகடு செய்யும் செலவு 500 பிரதிக்கும் 5,000 பிரதிக்கும் ஒன்றுதான். இங்கே 500 விற்பதே பெரும்பாடு. அதனால்தான் நம்மவர் நூல் ஒன்று வந்தாலும் விலை ஏறிவிடுகிறது. நல்ல உள்ளூர் நூல்கள் வரும்வரை பிள்ளை காத்திருக்காது. அதற்குள் அதற்கு ஆறு வயதாகிவிடும். கிடைக்கும் நல்ல புத்தகத்தைக் கையில் கொடுங்கள்.

கொக்குவில் அம்மா:
கொடுக்காமல் இருக்கப் போவதில்லை, ஐயா. நேற்று வெள்ளைத் தாளில் "கச்சான்" என்று எழுதி அந்த வரியின் மேல் ஒட்டிவிட்டேன்.

பழைய வாத்தியார்:
ஒட்டி மறைக்காதீர்கள், தங்கச்சி. பக்கத்தில் எழுதுங்கள், இரண்டையும் பார்க்கட்டும்.

கொக்குவில் அம்மா:
சரி, எடுத்துவிடுகிறேன். ஆனால் எங்கள் சொல்லைத்தான் முதலில் எழுதுவேன்.