முருங்கை இலைச் சாற்றில் ஊறிய உளுந்து பாதிதான் முளைத்தது. எங்கே தவறு?

கேள்வி
எட்டயபுரம் பக்கம் கரிசல் நிலம், மானாவாரி. முருங்கைச் சாற்றில் ஊறிய விதை வறட்சி தாங்கும் என்று கேள்விப்பட்டு, ஏக்கருக்கான 8 கிலோ உளுந்தை ராத்திரி முழுக்க ஊறப் போட்டேன். காலையில் விதை ஊதி, தோல் கழன்று, சிலதில் வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. வெயிலில் உலர்த்தி விதைத்தேன். மழை பெய்து 7 நாளாச்சு. பக்கத்துக் காட்டில் உளுந்து இரண்டு இலை விட்டுவிட்டது, என் சாலில் பாதி காலி. கிளறிப் பார்த்தால் விதை கொழகொழவென்று புளித்த வாடை. இன்னும் 4 கிலோ இருக்கிறது. அதையாவது காப்பாற்றணும்.

பதில் 1
சாற்றில் தண்ணீர் கலந்தீர்களா?

கேட்டவர்
இல்லை ஐயா. விதை மூழ்க அப்படியே ஊற்றினேன்.

பதில் 2
மனசு கஷ்டமாக இருக்கிறது தம்பி. சாறு ஒரு பங்கு என்றால் தண்ணீர் 30 பங்கு. பயறு வகைக்கு 3 மணி நேரம் போதும். சோளம்தான் 6 மணி நேரம் தாங்கும். கிலோவுக்கு 350 மில்லி ஊற்றுங்கள், மூழ்கக் கூடாது. விதைக்குள் முளைக்கும் வேலை தொடங்க வேண்டும், ஆனால் முளை வெளியே வரக் கூடாது. அந்த நேரத்தில் நிழலில் உலர்த்தினால், பிறகு கொஞ்ச ஈரத்திலேயே சட்டென்று எழும்பும். வெளியே வந்த முளை காய்ந்தால் செத்துவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான். முதலிலேயே எடை போட்டு வையுங்கள், அதே எடைக்குத் திரும்பும்வரை உலரட்டும்.

பதில் 3
மொத்தத்தையும் நனைக்காதீர்கள். சாற்றில் 100, வெறும் தண்ணீரில் 100, ஊறாதது 100 என்று ஈரச் சாக்கில் சுருட்டி எண்ணிப் பாருங்கள். சான்று பெற்ற விதைக்கே குறைந்தது 75 சதவீதம் முளைத்தால் போதும் என்பதுதான் கணக்கு. பல நேரம் வெறும் தண்ணீரே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும்.

கேட்டவர்
எண்ணிவிட்டேன். சாறு 86, தண்ணீர் 84, ஊறாதது 79. ஆனால் ஊறிய இரண்டும் ஒரு நாள் முந்தியே முளைவிட்டன. நேற்று 4 கிலோவையும் 3 மணி நேரம் ஊறவைத்துத் திண்ணை நிழலில் உலர்த்திவிட்டோம். ராத்திரி நல்ல தூறல். விடிந்ததும் அம்மாவும் நானும் காலி இடங்களில் பாடுவாசி ஊன்றப் போகிறோம்.