புதுப்பிப்பு: சின்ன காரில் 12 அடி மீன்பிடி கயாக்

12 அடி கயாக்கை (ஒடுங்கிய துடுப்புப் படகு) சின்ன கார் கூரையில் சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளம் வரை கொண்டுபோக முடியுமா, ராட் ஹோல்டரை (தூண்டில் கம்பைச் செருகி வைக்கும் தாங்கி) எங்கே வைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. எல்லாம் பொருத்தி, ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓட்டியும் பார்த்தாச்சு.

கூரையில் இரண்டு குறுக்குக் கம்பி, மேலே கவிழ்த்த கயாக். கைப்பிடியால் முறுக்கி இறுக்கும் ராட்செட் பட்டை வேண்டாம் என்று ஒருவர் அழுத்திச் சொன்னது முற்றிலும் சரி. கயாக்கின் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் வெயிலில் இளகும். ராட்செட்டில் முறுக்கினால் பள்ளம் விழுந்துவிடும். கேம் பக்கிள் (பட்டையைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி) பட்டையைக் கையால் இழுக்கும் இறுக்கமே போதும். பட்டையில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் காற்றில் அது போடும் இரைச்சலும் அடங்குகிறது. முன்முனையிலும் பின்முனையிலும் தனிக் கயிறு கட்டாமல் மட்டும் ஓட்டாதீர்கள், தயவுசெய்து.

ராட் ஹோல்டர்களில் ஒன்றை இருக்கைக்குப் பின்னாலும், ஒன்றை முன்னால் துடுப்பு வீச்சில் படாத இடத்திலும் வைத்தேன். முன்னால் இருப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. தூண்டில் நுனி கண்முன் இருப்பதால் மீன் கடிப்பது உடனே தெரிகிறது. கை உள்ளே எட்டும் இடத்தில் உப்புநீரில் எளிதில் துருப்பிடிக்காத 316 ஸ்டீல் போல்ட், வாஷர். எட்டாத இடத்தில் ரிவெட். எல்லாத் துளைக்கும் தண்ணீர் புகாமல் அடைக்கும் மரைன் சீலன்ட். கடலுக்குப் போய்வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுகிறேன்.

மணலில் இழுக்க பலூன் சக்கர வண்டி.

நங்கூரக் கயிற்றை முன்முனைக்கோ பின்முனைக்கோ நகர்த்தும் கப்பிக் கயிறு மட்டும் பாக்கி. ஓடும் தண்ணீரில் பக்கவாட்டில் நங்கூரம் இழுத்தால் கயாக் கவிழ்ந்துவிடலாம் என்பதால், அது இல்லாமல் முட்டுக்காடு முகத்துவாரத்தில் நிறுத்திப் பிடிக்கப்போவதில்லை. யாராவது மாட்டியிருந்தால் படம் போடுங்கள்.