உங்கள் வீட்டில் சுதந்திராக் கட்சிக்காரர் இருந்தாரா?

காரைக்குடியிலிருந்து:

எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பர்மாவுக்கு அடுத்தாளாக (கடை உதவியாளாக)ப் போய், பிறகு சொந்தமாக வட்டிக்கடை வைத்து வயல்களும் சேர்த்தவர். 1948இல் அங்கே நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் வந்தது. வயல்கள் பேரேட்டில் மட்டும் மிஞ்சின. அந்தப் பேரேட்டைக் கடைசிவரை தலைமாட்டுப் பெட்டியிலேயே வைத்திருந்தார். 1959இல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, காங்கிரஸ் ஆட்சியைப் 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்று சாடியபோது ஐயாவுக்கு அது தன் வீட்டு வழக்காகவே பட்டது. 1962இல் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் நட்சத்திரச் சின்னத்தில் இங்கே ஜெயித்த அன்று வளவு முழுக்க வெள்ளைப் பணியாரம்.

1967இல் எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கும் அரிசித் தட்டுப்பாடு. 1952இல் முதல்வராக இருந்து அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கிய அதே ராஜாஜி, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்களித்த தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்தார். "அரசாங்கம் விலை வைக்கக் கூடாதுன்னு சொன்னது நாமதானே?" என்று எங்கப்பச்சி (அப்பா) கேட்டார். ஐயா வாயே திறக்கவில்லை. அரிசி அளந்துகொண்டிருந்த அப்பத்தாதான் படியைத் தலைதட்டாமல் நிறுத்திவிட்டு, "பஞ்சத்துல கொள்கையையா வடிச்சுத் திங்கிறது?" என்றது.

அந்தத் தேர்தலில் கட்சிக்கு மக்களவையில் 44 இடம், நம் சட்டமன்றத்தில் 20. அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு கிடைத்ததில்லை. காங்கிரஸைச் சாய்த்தால் போதும் என்று விலைப் பேச்சை அடக்கி வாசித்தது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். உங்கள் வீடுகளில் எப்படி?

ஆத்தங்குடியிலிருந்து:

எங்கப்பா பூக்கல் (பூப்போட்ட சிமெண்டுத் தரைக்கல்) பட்டறை வைத்திருந்தார். சிமெண்டு வாங்க வட்டிக்கடைதான் கதி. வாங்கும்போதே முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். 1969 ஜூலையில் இந்திரா காந்தி 14 வங்கிகளை எடுத்துக்கொண்டார். அதில் ஒன்று, 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. சுதந்திராக் கட்சி கடுமையாக எதிர்த்தது. அந்தக் கட்சிக்காரர் ஆர்.சி. கூப்பர் வழக்குப் போட்டு, 1970இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாதென்றது. அரசு உடனே வேறு சட்டம் கொண்டுவந்துவிட்டது.

உங்கள் ஐயாவின் பயம் எனக்குப் புரிகிறது, அண்ணே. ஆனால் எங்கப்பாவை ஒரு மேனேஜர் நாற்காலியில் உட்காரச் சொன்னதே அதற்குப் பிறகுதான். முதல் கடன் ஐந்நூறு ரூபாய். சிமெண்டுக் கை பட்டுவிடும் என்று பாஸ்புக்கைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். அரசாங்கம் விலகி நில் என்றவர்கள் எங்களைப் போன்றவர்களுக்கு யார் கடன் கொடுப்பார் என்று யோசித்திருக்க வேண்டும்.

புதுவயலிலிருந்து:

நான் சாராயத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதுவரை குடிப்பது குற்றம். கருவேலங்காட்டில் ஊறல் தேடி போலீஸ் ஜீப் வரும். 1971 ஆகஸ்டில் மதுவிலக்கை நீக்கினார்கள். 90 வயதைத் தாண்டிய ராஜாஜி மழையில் கருணாநிதியின் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். வியாபாரத்தில் கட்டுப்பாடு வேண்டாம் என்றவர் குடியில் மட்டும் வேண்டும் என்றாரே என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. கடை திறந்த பிறகு எங்கப்பா சம்பள நாளில் வீட்டுக்கு நேரே வந்ததில்லை.

1972 டிசம்பரில் ராஜாஜி இறந்த செய்தியை டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டு வந்த எங்காத்தா, எந்தச் சின்னத்துக்கும் விவரமாக ஓட்டுப் போடத் தெரியாதவள், அன்று உலை வைக்கவில்லை.