உதவி: பயோஃபிலிம் திடீரென்று நின்றுவிட்டது, அவசரம்

படித்துறை99:
வணக்கம். எம்எஸ்சி ப்ராஜெக்ட். கார்த்திகையில் அருமையாகப் பயோஃபிலிம் (பாக்டீரியா கூட்டமாக ஒட்டிக் கட்டும் படலம்) கட்டிய என் ஐசோலேட் (நானே பிரித்தெடுத்த பாக்டீரியா) இப்போது கட்டவே மாட்டேன் என்கிறது. ஒட்டிய படலத்தைக் காட்டும் கிரிஸ்டல் வயலட் சாயம் ஊற்றிக் கழுவினால் தட்டின் குழி (வெல்) எல்லாம் வெறும் பிளாஸ்டிக். படலம் கட்டினால் சிவக்கும் காங்கோ ரெட் சாயத் தட்டில் சிவந்து சுருங்கி வந்த காலனி இப்போது வெள்ளையாக வழவழவென்று வருகிறது. எதையும் மாற்றவில்லை. அடுத்த வாரம் ரிப்போர்ட் வைக்கணும்.

பேட்டைக்காரன்:
என்ன பாக்டீரியா தம்பி? எங்கே எடுத்தது? என்ன மீடியா, எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம்? எதையும் மாற்றவில்லை என்று சொல்பவர்தான் எதையோ மாற்றியிருப்பார்.

கொக்கிரகுளம்:
கழுவும்போது தட்டைக் குழாய்க்கு நேரே பிடிக்கிறீர்களா? நான் ஒரு செமஸ்டர் முழுக்க அப்படிப் பிடித்தே எல்லாவற்றையும் சாக்கடையில் விட்டேன். டப்பில் தண்ணீர் வைத்து மெதுவாக முக்கி எடுங்க.

நுண்ணோக்கி:
செல்லுக்குள் சேதி சொல்லும் மூலக்கூறான சைக்ளிக் டை-ஜிஎம்பி குறைந்திருக்கும். 1987ல் செல்லுலோஸ் சுரக்கும் பாக்டீரியாவில் கண்டுபிடித்தது. அது கூடினால் பாக்டீரியா ஒட்டும், குறைந்தால் நீந்தும். அளந்து பாருங்கள்.

பேட்டைக்காரன்:
தராசே ஒழுங்காக நிற்காத லேபில் அதை எதை வைத்து அளக்க?

மூத்தவன்:
கேட்பதற்கு முன் அடிப்படையைப் படித்துவிட்டு வரலாம். ஈ.கோலையின் லேப் ஸ்ட்ரெயின் கே-12 என்றால் படலத்துக்கு வேண்டிய செல்லுலோஸே வராது, அதன் பிசிஎஸ்க்யூ மரபணுவில் பாதியில் நிறுத்திவிடும் ஸ்டாப் கோடான் உண்டு. இதெல்லாம் இங்கே பத்துத் தடவை எழுதியாயிற்று.

படித்துறை99:
மன்னிக்கணும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஈ.கோலைதான். ஆனால் கே-12 இல்லை அண்ணாச்சி, குறுக்குத்துறை படித்துறைக் கல்லில் பாசியைச் சுரண்டி எடுத்தது. உப்பு போடாத எல்பி அகார். ரூம் டெம்பரேச்சரில் 48 மணி நேரம். கழுவுவது டப்பில்தான்.

மூத்தவன்:
பாசி என்றால் ஆல்கா. எம்எஸ்சி படிப்பவர் உயிர்ப்படலம் என்று எழுதப் பழகணும்.

கொக்கிரகுளம்:
வழுக்கினால் பாசிதான். எங்க ஆச்சி அதே துறையில் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தபோது "உயிர்ப்படலத்தில் வழுக்கிட்டேன்" என்றா சொன்னாள்?

மூத்தவன்:
ஆச்சிக்கு வைவா கிடையாது.

நுண்ணோக்கி:
அந்தக் கல்லில் இரண்டும் சேர்ந்தேதான் இருக்கும். விடுங்களேன்.

கொக்கிரகுளம்:
நான் எப்போதோ விட்டேன். அவர்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

வாய்க்கால்பாலம்:
ரூம் டெம்பரேச்சர் என்றால் யார் ரூம்? புரோட்டோகால் எழுதியவருக்கு அது 25 டிகிரி. கார்த்திகை மழையில் நமக்கும் ஏறக்குறைய அதுதான். சித்திரையில் பாளையங்கோட்டை லேபில் மத்தியானம் 36, 37 தொடும். ஈ.கோலையில் படலத்தைக் கட்டும் கர்லி என்ற புரத நாரையும் செல்லுலோஸையும் சேர்த்து இயக்குவது சிஎஸ்ஜிடி என்ற புரதம். அது பெரும்பாலான ஸ்ட்ரெயின்களில் 30க்குக் கீழேதான் நன்றாக வேலை செய்யும். உப்பு கூடினாலும் அடங்கும், அதை நீங்கள் விட்டது சரி. முதலில் 28ல் வையுங்கள். சாதா இன்குபேட்டர் சூடாக்கத்தான் செய்யும், குளிர்விக்காது. குளிர்விக்கவும் செய்யும் பிஓடி இன்குபேட்டரில் இடம் கேளுங்கள்.

இன்னொன்று. கார்த்திகையிலிருந்து எத்தனை தடவை சப்கல்ச்சர் செய்தீர்கள்? சிஎஸ்ஜிடி எழும்ப ஆர்பிஓஎஸ் என்ற இன்னொரு புரதம் வேண்டும். லேபில் மாற்றி மாற்றி வளர்த்தால் அது கெட்டுப்போன செல்கள் மேலோங்கிவிடுவது உண்டு.

படித்துறை99:
வாரம் ஒரு தடவை.

மூத்தவன்:
அப்படியானால் மியூட்டேஷன்தான். வெப்பம் எல்லாம் சாக்கு.

வாய்க்கால்பாலம்:
பார்க்காமல் சொல்ல வேண்டாமே. 28ல் எல்லாம் சிவந்தால் வெயில்தான் காரணம். சிவப்பும் வெள்ளையும் கலந்து வந்தால் வெள்ளையைத் தனியாக எடுத்துப் புதுத் தட்டில் கோடு போட்டு வளர்த்துப் பாருங்கள். அதிலிருந்து சிவப்பும் திரும்ப வந்தால் செல்கள் நிலை மாறிக்கொள்கின்றன, மரபணு கெடவில்லை. சிஎஸ்ஜிடி ஒரே கூட்டத்தில் சில செல்களில் எழும்பி மற்றவற்றில் எழும்பாமல் இருப்பது சகஜம். எத்தனை தடவை போட்டாலும் வெள்ளையாகவே வந்தால் மியூட்டேஷனைச் சந்தேகிக்கலாம். அப்புறம், நன்றாக வளர்ந்து நின்ற காலனி மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டு, சிவப்போடு ஒப்பிடுங்கள். பெராக்சைடை நுரைக்க வைக்கும் நொதி கேட்டலேஸ். அதில் காட்-ஈ என்ற வகைக்கும் ஆர்பிஓஎஸ் வேண்டும். ஆர்பிஓஎஸ் போயிருந்தால் நுரை குறையும், அடியோடு நிற்காது. காட்-ஜி என்ற இன்னொரு கேட்டலேஸ் இருக்கிறதே.

பேட்டைக்காரன்:
முதலில் உறைய வைத்த கிளிசரால் ஸ்டாக் இருக்குமே? அதையும் பக்கத்தில் போடுங்கள்.

நுண்ணோக்கி:
சிஎஸ்ஜிடியைத் தூண்டுவதிலும் சைக்ளிக் டை-ஜிஎம்பிக்குப் பங்கு உண்டு என்பதைப் பதிவு செய்கிறேன்.

படித்துறை99 (ஆறு நாள் கழித்து):
28ல் கலந்து வந்தது, வெள்ளைதான் அதிகம். வெள்ளை மூன்று தடவையும் வெள்ளையாகவே வந்தது, நுரையும் குறைவு. கார்த்திகை கிளிசரால் வயல் ஒன்று ஃப்ரீசர் அடியில் கிடைத்தது. அது 28ல் முழுக்கச் சிவப்பு, லேப் மேசையில் வெள்ளை. ரெண்டுமே காரணம் போல. நன்றி அண்ணாச்சி, ரிப்போர்ட் எழுதப் போறேன்.

மூத்தவன்:
அதைத்தான் நானும் சொன்னேன்.

கொக்கிரகுளம்:
பாதியைச் சொன்னீங்க.

தச்சநல்லூர்7 (இரண்டு மாதம் கழித்து):
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் ஸ்டாஃபைலோகாக்கஸ். என்ன செய்யணும்? அவசரம்.

பேட்டைக்காரன்:
எந்த ஸ்டாஃப்? மீடியாவில் குளுக்கோஸ் போட்டீர்களா? எத்தனை டிகிரி?