9 ஹோல் பார்க் கோர்ஸ்: டிரைவர் டிஸ்கை எறிந்தால் எப்போதும் இடப்பக்கம் போகிறது

செம்பருத்தி கேட்டது:
டொரன்டோ ஸ்காபரோவில் வீட்டுக்குப் பக்கத்துப் பார்க்கில் இருக்கிற சின்ன டிஸ்க் கோல்ஃப் (தட்டை எறிந்து சங்கிலிக் கூடையில் விழுத்துகிற விளையாட்டு) கோர்ஸ். ஒவ்வொரு ஹோலும் 45 முதல் 80 மீட்டருக்குள்தான். கையில் இருப்பது கடையில் விற்கிற மூன்று டிஸ்க் செட்: தூர எறிக்கு டிரைவர், நடுத்தூரத்துக்கு மிட்ரேஞ்ச், கூடைக்குக் கிட்ட எறிய பட்டர். நான் வலக்கை, பேக்ஹேண்ட் (கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் எறிவது). டிரைவரை எறிந்தால் மேலே ஏறி நின்று, சடாரென்று இடப்பக்கம் இறங்கி ஓடைப் புதருக்குள் போகிறது. 4ஆம் ஹோலில் இடப்பக்கம் நடைபாதை வேறு. 5, 6 மீட்டரில் நின்று கூடைக்குள் பட் பண்ணினால் சங்கிலியில் பட்டு வெளியே தெறிக்கிறது. இன்னொன்று: 8 வயது மகளுக்கு இதே செட் சரியா?

ஓடைக்கரை:
டிரைவரைப் பையிலேயே வையுங்கோ. டிஸ்கில் அச்சிட்டிருக்கும் நான்கு எண்கள் வேகம், மிதப்பு, வலத் திருப்பம், இட இறக்கம் (வலக்கைப் பேக்ஹேண்டுக்கு). வேகம் 9க்கு மேல் உள்ள டிஸ்க், அந்த வேகத்தில் கையை விட்டுப் போனால்தான் நேராகப் பறக்கும். குறைந்தால் நாலாவது எண்ணின் வேலை பாதி வழியிலேயே தொடங்கிவிடும். 80 மீட்டருக்கு அது தேவையே இல்லை. 2/3/0/1 எண் உள்ள பட்டரை டீயிலிருந்து (ஹோல் தொடங்கும் இடம்) எறிந்தாலே காணும்.

ஆனால் "மேலே ஏறி நின்று" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உண்மையான பிழை. முன்விளிம்பு தூக்கிக்கொண்டு போகிறது. கையை விட்டு 3, 4 மீட்டர் தாண்டும்போது டிஸ்கின் மேல்முகம் உங்களுக்குத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். டிஸ்கைப் பிடிக்கும்போது விளிம்பு உள்ளங்கையின் குறுக்குக் கோட்டில் சாய்வாக உட்கார வேண்டும். விரல் நுனிகளை உட்புற விளிம்பில் அழுத்துங்கோ. கெண்டியிலிருந்து தேத்தண்ணி ஊற்றுகிற மாதிரி மணிக்கட்டைச் சற்றுக் கீழே சாய்த்துப் பிடியுங்கோ. பிறகு ஓடாமல் நின்ற இடத்திலிருந்து, நெஞ்சை ஒட்டி நேர்கோட்டில் இழுத்து, உங்கள் தலையைவிட அதிகம் உயராதபடி எறியுங்கோ. ஆறுதலாக எறிந்தாலே 50 மீட்டர் போகும். கையை விட்டதும் தள்ளாடினால் பிடி தளர்வு, அல்லது பலத்தைக் கடைசியில் தோளால் திணிக்கிறீர்கள். பக்கவாட்டில் நின்று யாராவது போனில் ஸ்லோ மோஷனில் எடுத்தால் இரண்டும் வடிவாகத் தெரியும்.

மிசிசாகா மணி:
பட்டர் மட்டும் போதும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. எதிர்காற்றில் பட்டர் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் உருளும். எதிர்காற்று எந்த டிஸ்கையும் வலப்பக்கம் திருப்பும். பின்காற்று மிதப்பைக் குறைத்துச் சீக்கிரம் கீழே தள்ளும். அதனால் 5/4/-1/1 மாதிரி ஒரு மிட்ரேஞ்ச் கையில் இருக்கட்டும். 'பஸ்' (Buzzz) இந்த எண்ணில் வரும் பிரபலமான டிஸ்க்.

4ஆம் ஹோலுக்கு வழி: ஃபோர்ஹேண்ட், அதாவது உள்ளங்கை முன்னோக்கியபடி பக்கவாட்டில் எறிவது. வலக்கை ஃபோர்ஹேண்டில் டிஸ்க் எதிர்ப்பக்கம் சுழலும், கடைசியில் வலப்பக்கம் இறங்கும், பாதையைவிட்டு விலகிப் போகும். அது வராவிட்டால் பட்டரைத் தாழ்வாக 30 மீட்டருக்கு எறிந்து, அங்கிருந்து இரண்டாவதை வையுங்க. மூன்றில் முடிந்தால் பார்தான் (ஹோலுக்கு வைத்திருக்கும் எறிக் கணக்கு). பாதையில் ஸ்ட்ரோலரோ நாயோ தெரிந்தால் கடக்கும்வரை நில்லுங்க. பார்க்கில் நடப்பவருக்குத்தான் முதல் உரிமை, நம்ம டிஸ்குக்கு இல்லை. எறிந்த பிறகு யாராவது குறுக்கே வந்தால் "ஃபோர்!" என்று கத்தத் தயங்காதீங்க.

மகளுக்கு அந்த செட் கனம் அதிகம். விதிப்படி விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் வரை அனுமதி, 21.2 செ.மீ. டிஸ்க் சுமார் 176 கிராம் வரை வரலாம், செட்களில் 165க்கு மேல் இருப்பதுதான் வழக்கம். சிறுபிள்ளைக்கு 130 முதல் 150 கிராமுக்குள் லெப்பர்ட் (6/5/-2/1) மாதிரி ஒன்று வாங்குங்க.

சங்கிலிச்சத்தம்:
பட்டுக்கு வருவோம். எட் ஹெட்ரிக் 1970களில் இந்தச் சங்கிலிக் கூடையை வடிவமைத்ததே டிஸ்கின் வேகத்தை உறிஞ்சத்தான். ஆனால் நடுக்கம்பத்தில் நேராக அடித்தால் எந்தச் சங்கிலியும் காப்பாற்றாது. வலக்கைக்காரருக்குக் கம்பத்தின் இடப்புறம் பலவீனமான பக்கம். அங்கே பட்டால் சுழற்சியிலேயே வழுக்கி வெளியே போகும். கம்பத்துக்கு ஒரு சங்கிலி வலப்புறம், நடுவுக்குச் சற்று மேலே, ஒரே கண்ணியைக் குறிபார்த்து எறியுங்கள். வேகம் குறைவாகவே இருக்கட்டும்.

கூடையின் மேல்மூடியில் தங்கினால் கணக்கில் வராது, இன்னொரு எறி போட வேண்டும். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் நின்று எறிந்த பிறகு சமநிலை காட்டாமல் முன்னே காலடி வைத்தால் பிழை. புதியவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுவார்கள். ஓடை எல்லைக்கு வெளியே என்று டீ பலகையில் இருந்தால் ஒரு எறி தண்டம். கடைசியாக எல்லைக்குள் இருந்த இடத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி வைத்து ஆடலாம். தொலைந்த டிஸ்கைத் தேடுவதற்கு 3 நிமிடம்.

நிறம் முக்கியம். பச்சை டிஸ்க் ஜூனில் காணாமல் போகும், சிவப்பு டிஸ்க் அக்டோபரில் மேப்பிள் இலைக்குள் காணாமல் போகும். இளஞ்சிவப்போ நீலமோ வாங்குங்கள். ஓடைப் புதருக்குள் இறங்கினால் நீளக் காற்சட்டை, அதைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள்; ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கமெல்லாம் உண்ணி இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம், தலைமயிர் எல்லாம் பாருங்கள், பிள்ளைக்குக் கட்டாயம்.

செம்பருத்தி:
நன்றி. மகளும் அதே டீயிலிருந்தா எறிய வேண்டும்?

ஓடைக்கரை:
வேண்டாம். கூடையிலிருந்து 25, 30 மீட்டரில் ஒரு மரத்தையோ வாங்கிலையோ அவளுடைய டீ என்று வையுங்கோ, பார் 3 அப்படியே இருக்கட்டும். நீங்கள் எறியும்போது அவள் உங்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும், முன்னால் போய் அவளுடைய டீயில் காத்திருக்க விடாதேங்கோ. 18 ஹோல், நீளமான எறி என்ற ஆசை வந்தால் டான் பள்ளத்தாக்கில் ஈ.டி. சீட்டன் பார்க் இருக்கிறது. அந்த டிரைவரை அப்போது வெளியே எடுக்கலாம்.