மறுமொழி: ‘ஸ்டாப்பிங் பவர்’: வீழ்த்தாற்றலா, முடக்குதிறனா?

அனைவருக்கும் வணக்கம். தோட்டா பட்டவனை உடனே மேற்கொண்டு செயல்பட விடாமல் நிறுத்தும் திறனைத்தான் ஆங்கிலத்தில் ‘ஸ்டாப்பிங் பவர்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஒருவர் எழுதியது இது:

> ‘வீழ்த்தாற்றல்’ என்றே வைத்துக்கொள்ளலாம். கேட்டதும் புரிகிறது, சுருக்கமாகவும் இருக்கிறது.

ஐயா, கேட்டதும் புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. தோட்டா பட்டதும் ஆள் பத்தடி தள்ளிப் போய் விழுவதெல்லாம் சினிமாவில்தான். சுடுகிறவன் கையில் வாங்குகிற உதைப்பு எவ்வளவோ, ஏறத்தாழ அதே அளவு உந்தம்தான் (நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது) பட்டவன் உடம்புக்கும் போய்ச் சேருகிறது. அது ஆளைத் தூக்கி எறியும் என்றால் சுட்டவனே முதலில் மல்லாந்திருப்பான். ஆகவே ‘வீழ்த்து’ வேண்டாம்.

‘ஆற்றல்’ அதைவிடச் சிக்கல், ஏனென்றால் இயற்பியலில் அது ஜூல் கணக்கு. 9 மி.மீ. தோட்டா சுமார் 8 கிராம், நொடிக்கு 350 மீட்டர் வேகம்; .45 தோட்டா (இது அங்குலக் கணக்கு) சுமார் 15 கிராம், 255 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டும் சுமார் 490 ஜூல்தான் வரும். ஆற்றல்தான் விஷயம் என்றால் இந்த இரண்டு காலிபரை (துப்பாக்கிக் குழலின் உள்விட்ட அளவை) வைத்து நூறு வருஷமாக ஏன் அடித்துக்கொள்கிறார்கள்?

சண்டையைத் தொடங்கி வைத்தது பிலிப்பைன்ஸ். அங்கே மோரோ (தெற்குப் பகுதி முஸ்லிம்) வீரர்கள் .38 குண்டு பட்டும் நிற்காமல் பாய்ந்து வந்தார்கள் என்று அமெரிக்க ராணுவம் புலம்ப, 1904இல் சிகாகோ கால்நடைக் கொட்டில்களில் மாடுகளைச் சுட்டுப் பார்த்து (பிணங்களையும் விடவில்லை) .45தான் சரி என்றார்கள். 1986இல் மயாமியில் ஒரு கொள்ளையனின் கையைத் துளைத்து மார்புக்குள் போன 9 மி.மீ. தோட்டா இதயத்துக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது. அவன் அதற்கப்புறமும் சுட்டுக்கொண்டே இருந்தான், எஃப்.பி.ஐ. (அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை) ஆட்கள் இருவர் செத்தார்கள். பழி தோட்டாமேல் விழுந்தது. 10 மி.மீ.க்கும் பிறகு .40க்கும் மாறிய எஃப்.பி.ஐ., தோட்டா வடிவமைப்பு தேறியதும் மறுபடி 9 மி.மீ.க்கே வந்துவிட்டது. இப்போது அவர்கள் பார்ப்பது, உடம்புச் சதைக்குப் பதிலாக வைக்கிற ஜெலட்டின் கட்டிக்குள் 12 முதல் 18 அங்குலம் இறங்குகிறதா என்பதைத்தான். கைத்துப்பாக்கியைப் பொறுத்தவரை எங்கே படுகிறது, எவ்வளவு ஆழம் போகிறது, இரண்டுதான் முக்கியம். மூளையிலோ தண்டுவடத்திலோ பட்டால் அந்த நொடியே கதை முடிந்தது, மற்றபடி ரத்தம் வடிந்து ஆள் ஓய நேரம் ஆகும்.

இங்கே பினாங்கில், பிறை என்ற ஊர்ப் பக்கத் தோட்டத்தில் லைசன்ஸ் துப்பாக்கியோடு காட்டுப்பன்றி விரட்டிய எங்கள் மாமாவுக்கு இதெல்லாம் பாடமே வேண்டாம். நெஞ்சில் வாங்கிய பன்றி செம்பனை (எண்ணெய்ப்பனை) வரிசைக்குள் ஓடி மறைந்துவிடும், அப்புறம் சொட்டுச் சொட்டாகக் கிடக்கும் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போக வேண்டும், அதுவும் அவசரப்படாமல். பன்றி செத்தது நிஜம், ஆனால் உடனே முடங்கவில்லை.

அதனால் என் பரிந்துரை ‘முடக்குதிறன்’. எதிராளி செய்துகொண்டிருப்பதை மேற்கொண்டு செய்ய முடியாமல் ஆக்குவது, சாவது பிழைப்பது வேறு கணக்கு. முடக்குவாதம் ஞாபகம் வருகிறது என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். வரட்டுமே, கை கால் ஓடாமல் போவதுதானே இங்கேயும். நடுவில் ‘த்’ போடாதீர்கள், வினைத்தொகை, ‘சுடுகாடு’ மாதிரி.

காலிபருக்கு யாரோ சொன்ன ‘குழல்விட்டம்’ சரி, எனக்கு மறுப்பில்லை. ஆனால் வேட்டைத் துப்பாக்கியின் ‘12 போர்’ (bore) வேறு, ஒரு பவுண்டு ஈயத்தில் அந்தக் குழல் அளவுக்கு எத்தனை உருண்டை தேறும் என்ற கணக்கு அது. அதற்கு விட்டம் என்று எழுதினால் தப்பு.

அடுத்து, முனையில் குழி வைத்து, உள்ளே போனதும் பூவாய் விரிகிற தோட்டாவுக்கு என்ன சொல்லலாம்? ‘குழிமுனைத் தோட்டா’ என்று எழுதி வைத்திருக்கிறேன், இதைவிட நல்லது இருந்தால் போடுங்கள்.

ஜார்ஜ்டவுனிலிருந்து,
அன்புடன்